பரணில் கிடக்கும் லேப்டாப்பை எடுத்து வாருங்கள்

(நமது அறக்கட்டளையின் கல்விக்குழு சங்கரன்கோவிலில் நடத்திய பெற்றோர் - மாணவர் கூட்டத்தில், கணினி பழுதுநீக்கும் தொழில் செய்யும் சகோதரர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. ஸ்குரூடிரைவர் பிடிக்கிற கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கேள்வி. உங்கள் வீட்டில் பரணிலோ, பீரோவுக்கு மேலேயோ, ஓடாத லேப்டாப் ஒன்று கிடக்கிறதா? கை தூக்குங்கள். பாருங்கள், பாதிப் பேருக்கு மேல் தூக்கியிருக்கிறீர்கள். அவற்றில் நிறைய, அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பாகத்தான் இருக்கும். 2011 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கி வைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டம் அது. எல்காட் நிறுவனம் மொத்தமாக வாங்கி, அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். நம் தெருக்களில் தறி ஓட்டுகிறவர் வீட்டிலும் பூ வியாபாரம் செய்கிறவர் வீட்டிலும் முதல் கம்ப்யூட்டர் வந்தது அப்படித்தான்.

அன்றைக்கு மூத்த பிள்ளை படித்துவிட்டுப் போயாகிவிட்டது. இன்றைக்குக் கடைக்குட்டி பிளஸ் டூ படிக்கிறது. ஸ்காலர்ஷிப் விண்ணப்பம், கல்லூரி விண்ணப்பம், டைப் அடித்துக் கொடுக்கச் சொல்லும் பாடம் என்று எல்லாவற்றுக்கும் கடையில் போய் வரிசையில் நிற்கிறது. வீட்டுப் பரணிலோ ஒரு லேப்டாப் தூங்குகிறது. "அது செத்துப்போச்சு தம்பி, விண்டோஸ் ஏத்திப் பார்த்தோம், ஏறல" என்கிறார்கள்.

ஏறவில்லை என்றால் செத்துப்போனதாக அர்த்தம் இல்லை. ஏறாததற்கு ஒரு காரணம் இருக்கிறது என்றுதான் அர்த்தம். அந்தக் காரணத்தை எப்படி வரிசையாகத் தேடுவது என்பதுதான் இன்றைய பேச்சு.

அதற்கு முன்னால் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்ல வேண்டும்.

பல வருடங்களுக்கு முன், நமக்குத் தெரிந்த ஒரு லாத்தா பழைய லேப்டாப் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கணவர் வளைகுடாவில் வேலை பார்த்து, அங்கேயே மவ்த்தானவர். "மகளுக்குப் படிக்க வேணும், சரி பண்ணிக் கொடுங்க தம்பி" என்றார்கள். விண்டோஸ் கெட்டுப் போயிருந்தது. நான் பென்டிரைவைச் சொருகினேன். டிஸ்க் முழுவதையும் அழிக்கவா என்று திரையில் கேட்டது. யோசிக்காமல் 'சரி' கொடுத்தேன். அரை மணி நேரத்தில் புது விண்டோஸ் தயார். பெருமையாக எடுத்துக் கொடுத்தேன்.

லாத்தா திறந்து பார்த்துவிட்டு, "அவுக படமெல்லாம் இதுல எங்க தம்பி இருக்கு?" என்று கேட்டார்கள்.

கணவர் அங்கிருந்து கொண்டுவந்த போட்டோக்கள், மகளுக்குப் பேசி அனுப்பிய குரல் பதிவுகள் எல்லாம் அதில்தான் இருந்திருக்கின்றன. அழிந்த கோப்புகளை மீட்கும் மென்பொருளை வைத்து இரண்டு இரவு உட்கார்ந்தேன். கொஞ்சம் போட்டோ வந்தது. பல படங்கள் பாதி முகத்தோடு வந்தன. குரல் பதிவு ஒன்றுகூட வரவில்லை. "சரி தம்பி, நான்தான் முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றார்கள். இல்லை. கேட்டிருக்க வேண்டியவன் நான். ஒருவர் நம்பி நம் கையில் கொடுக்கும் பொருள் அமானிதம். அதற்குள்ளே இருப்பதும் அமானிதம்தான் என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

ஆகவே முதல் பாடம் இது. இயங்குதளத்தை, அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தை, பத்துத் தடவை தப்பாக ஏற்றினாலும் பதினோராவது தடவை சரியாக ஏற்றிவிடலாம். அழிந்த கோப்பு அப்படித் திரும்பாது. எனவே முதலில் உள்ளே இருப்பதை வெளியே எடுங்கள்.

விண்டோஸே திறக்காதபோது எப்படி எடுப்பது என்று கேட்பீர்கள். லினக்ஸ் மின்ட் போன்ற லினக்ஸ் வகைகளைப் பென்டிரைவிலிருந்தே, எதையும் நிறுவாமல் ஓட்டிப் பார்க்கலாம். அப்படி ஓடும்போது ஹார்டு டிஸ்க் ஒரு பெட்டி போலத் தெரியும். திறந்து, போட்டோவையும் சான்றிதழ் நகல்களையும் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்துவிடலாம். நகல் எடுத்ததைத் திறந்து பார்த்த பிறகுதான் அடுத்த வேலை.

இரண்டாவது, இயந்திரத்தின் வயதை அறியுங்கள். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ஓடும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடும் வழக்கமான பாதுகாப்பு ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசஸர் முதல்தான் ஏற்றுக்கொள்ளும். பத்து வருடத்துப் பழைய லேப்டாப்பில் அதை ஏற்ற முயன்று, 'இந்தக் கணினி தகுதியற்றது' என்று வந்தால் அது பழுது அல்ல. பத்து வயதுப் பிள்ளையின் சட்டையை வாப்பாவுக்குப் போட்டுப் பார்ப்பது போலத்தான்.

மூன்றாவது, 32 பிட்டா 64 பிட்டா என்று பாருங்கள். மிகப் பழைய டெஸ்க்டாப்களில் 32 பிட் பிராசஸர் இருக்கும். அதில் 64 பிட் இயங்குதளம் ஏறாது. திரையிலேயே அப்படி எழுதிக் காட்டிவிட்டு நின்றுவிடும். லினக்ஸ் மின்ட்டின் முதன்மைப் பதிப்பில் 32 பிட் 19.3-ஓடு நின்றுவிட்டது. ஆன்டிஎக்ஸ் போன்ற சில மட்டும் இன்னும் 32 பிட்டில் கிடைக்கின்றன. அரசு லேப்டாப் வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இந்தக் கவலை இல்லை.

நான்காவது, பென்டிரைவ். என்னிடம் வரும் பிள்ளைகளில் பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பைப் பாட்டுக் கோப்பு போல அப்படியே பென்டிரைவில் போட்டால் அதிலிருந்து கம்ப்யூட்டர் தொடங்காது. ரூஃபஸ், எட்சர் போன்ற மென்பொருளால் எழுத வேண்டும். எழுதும்போது பென்டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். இறக்கும்போது நெட் விட்டு விட்டு வந்தால் கோப்பு குறையாக இறங்கியிருக்கலாம். இணையதளத்தில் கோப்போடு ஒரு நீண்ட சரிபார்ப்பு எண் கொடுத்திருப்பார்கள். நம்மிடம் இருக்கும் கோப்பின் எண்ணும் அதுவும் ஒன்றுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்த ஐந்து நிமிட வேலை ஒரு நாள் அலைச்சலைத் தவிர்க்கும்.

ஐந்தாவது, பென்டிரைவிலிருந்து தொடங்கச் சொல்ல வேண்டும். பவர் பட்டனை அமுக்கியதும் எச்பி என்றால் எஸ்கேப் அல்லது எஃப் 9, லெனோவோ, டெல் என்றால் பெரும்பாலும் எஃப் 12. ஏசரிலும் எஃப் 12-தான். ஆனால் சில ஏசரில் முதலில் எஃப் 2 அமுக்கி பயாஸுக்குள் போய், எஃப் 12 பூட் மெனு என்பதை இயக்கி வைத்தால்தான் அது வேலை செய்யும்.

அந்தப் பட்டியலில் ஒரே பென்டிரைவ் சில சமயம் இரண்டு முறை தெரியும், ஒன்றில் யுஇஎஃப்ஐ என்ற எழுத்துகளோடு. பழைய முறையில் டிஸ்க்கைப் பிரிப்பதற்கு எம்பிஆர் என்றும், புதிய முறைக்கு ஜிபிடி என்றும் பெயர். யுஇஎஃப்ஐ வழியாகத் தொடங்கினால் விண்டோஸ் ஜிபிடி டிஸ்க்கைக் கேட்கும். பழைய வழியில் தொடங்கினால் எம்பிஆர் கேட்கும். மாறிப் போனால் 'இந்த டிஸ்க்கில் நிறுவ முடியாது' என்று சொல்லும். உடனே யூடியூப் பார்த்து டிஸ்க்கை 'கிளீன்' செய்துவிடுகிறார்கள். அந்த ஒரு கட்டளையில் எல்லாப் பகுதிகளும் போய்விடும்! தேவையே இல்லை. வெளியே வந்து, பட்டியலில் உள்ள மற்றொரு பெயர் வழியாகத் தொடங்கிப் பாருங்கள். பல நேரம் அதிலேயே தீர்ந்துவிடும். அது தெரியவில்லை என்றால் பென்டிரைவை மற்ற முறையில் எழுதிக்கொள்ளலாம்.

ஆறாவது, பாதியில் நின்றுபோவது. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றால் கோப்பையோ பென்டிரைவையோ முதலில் சந்தேகப்படுங்கள். ஒருமுறை பத்து சதவீதத்தில், மறுமுறை அறுபது சதவீதத்தில் என்று நின்றால் ரேமைப் பாருங்கள். மின்சாரத்தைத் துண்டித்து, பேட்டரியைக் கழற்றி, ரேமை எடுத்து அதன் பித்தளை நிறப் பகுதியை மென்மையாகத் துடைத்து மறுபடி பொருத்தினால் சரியாகிவிடுவதும் உண்டு. மெம்டெஸ்ட் என்ற இலவசக் கருவி ரேமைச் சோதித்துச் சொல்லும். டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் நிறுவும் வேலையை அத்தோடு நிறுத்துங்கள். அது சாகக் கிடக்கும் டிஸ்க். அதிலிருந்து கோப்புகளை எடுப்பதுதான் அப்போது முக்கியம்.

மின்வெட்டையும் மறக்காதீர்கள். பழைய லேப்டாப்பில் பேட்டரி போயிருக்கும்; வயரில்தான் ஓடும். நிறுவும் நடுவில் கரண்ட் போனால் வேலை அரைகுறையாக நிற்கும். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் வைத்துச் செய்யுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடவே வேண்டாம். குத்திப் பார்க்காமல் கழற்றிக் கொடுத்துவிடுங்கள்.

ஏழாவது, சின்னதாக இருந்து பெரிதாக ஏமாற்றும் மூன்று விஷயங்கள். தேதி 2010, 2012 என்று பின்னால் போயிருந்தால், பாதுகாப்பான இணையதளங்கள் திறக்காது, அப்டேட் இறங்காது. உள்ளே இருக்கும் நாணயம் போன்ற சின்ன பேட்டரியை மாற்றினால் போதும். லினக்ஸ் தொடங்கும்போது திரை கறுப்பாக நின்றால், மின்ட்டின் தொடக்கப் பட்டியலில் கம்பாட்டிபிலிட்டி மோட் என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். திரைக்கான டிரைவர் பிரச்சினை அது. நிறுவிய பிறகு வைஃபை வரவில்லை என்றால் பயப்படாதீர்கள். மொபைலை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, டெதரிங் போட்டு, அந்த நெட்டில் வைஃபை டிரைவரை இறக்கிக்கொள்ளலாம்.

இவ்வளவுக்கும் ஒரே விதிதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். என்ன மாற்றினீர்கள், திரையில் என்ன வந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள், அல்லது போட்டோ எடுங்கள். நான்கை ஒன்றாக மாற்றினால், சரியானாலும் ஏன் சரியானது என்று தெரியாது. கெட்டாலும் ஏன் கெட்டது என்று தெரியாது.

சரி, எதை ஏற்றுவது? 4 ஜிபி ரேம் இருந்தால் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ நன்றாக ஓடும். 2 ஜிபி என்றால் ஆன்டிஎக்ஸ் போல இன்னும் எளியதைப் பாருங்கள். இணையத்தில் ஒரே நேரத்தில் பத்துப் பக்கம் திறக்காதீர்கள். கையில் கொஞ்சம் காசு இருந்தால், பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். பழைய லேப்டாப்புக்குச் செய்யும் செலவில் இதைவிடப் பலன் தருவது இல்லை. தமிழ் 99 விசைப்பலகையும் அரபு எழுத்தும் லினக்ஸில் உண்டு. விண்ணப்பம், கடிதம், கணக்குக்கு லிபர் ஆபீஸ் இலவசம்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்த அரசு லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸும் போட்டே கொடுத்தார்கள். மத்திய அரசின் சிடாக் நிறுவனம் உருவாக்கியது அது. நம் பிள்ளைகளில் பலர் அதைத் திறந்தே பார்க்கவில்லை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதும் உண்மை.

'கிராக்' போட்ட விண்டோஸ் ஐம்பது ரூபாய்க்குக் கிடைக்கிறதே என்பார்கள். அடுத்தவர் பொருளை அனுமதியில்லாமல் எடுப்பது சரியா என்பது உங்களுக்கே தெரியும். தொழில்காரனாக நான் ஒன்றைச் சொல்கிறேன். அந்தக் கிராக்கோடு வைரஸும் சேர்ந்தே வருவதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். அதில் உட்கார்ந்து வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள்.

அன்று லாத்தாவின் மகள் அந்த லேப்டாப்பிலேயே படித்து முடித்தார், அல்ஹம்துலில்லாஹ். ஆனாலும் அந்தக் குடும்பத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குரல் பதிவுகளின் நினைவுதான் வருகிறது. அதற்குப் பிறகு என் மேசைக்கு எந்த லேப்டாப் வந்தாலும், "என்ன பிரச்சினை?" என்று நான் முதலில் கேட்பதில்லை. "உள்ளே என்ன இருக்கு?" என்றுதான் கேட்கிறேன்.

உங்களிடம் என் வேண்டுகோளும் அதுதான். பரணில் கிடப்பதை இறக்கித் தூசி தட்டுங்கள். சார்ஜரையும் சேர்த்து அறக்கட்டளை அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். உள்ளே என்னென்ன வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கூட உங்கள் பிள்ளையையும் அனுப்புங்கள். பெண் பிள்ளைகளைக் கட்டாயம் அனுப்புங்கள். நாங்கள் சரிசெய்து கொடுப்பதைவிட, அவர்களே பக்கத்தில் உட்கார்ந்து காரணம் தேடிப் பழகுவது பெரிது. இன்ஷா அல்லாஹ், அடுத்த லேப்டாப்பை அவர்களே சரி செய்வார்கள்.

வஸ்ஸலாம்.