வில்லும் தணிப்பானும்



தஞ்சை நாட்டார் நெடுங்காலமாக இருவகை மாட்டு வண்டிகளை ஓட்டி வந்தனர். நெல் மூட்டை ஏற்றக் கட்டை வண்டி. மனிதர் ஏறிச் செல்ல வில்வண்டி. கட்டை வண்டியில் சக்கரம் மேட்டில் ஏறினால் வண்டியே ஏறி விழும். வில்வண்டியிலோ, அச்சுக்கு மேலே வளைந்த எஃகுப் பட்டைகள் உண்டு. அவை வளைந்து கொடுப்பதால் உள்ளிருப்போர் இடுப்பு தப்பியது.

ஆனால் வில்லுக்கு ஒரு குணம் உண்டு. அழுத்தினால் அடங்கும், விட்டால் துள்ளும், துள்ளினால் எளிதில் ஓயாது. மாட்டின் நடைக்குப் பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதே போதிய தணிப்பாகும். விரைந்தோடும் ஜீப்புக்கு அது போதாது. துள்ளும் சக்கரம் தரையை விட்டு விலகுகிறது. தரையில் பதியாத சக்கரத்தால் வண்டியை நிறுத்தவும் இயலாது, திருப்பவும் இயலாது. ஒருபுறம் வெண்ணாறு, மறுபுறம் நடவு வயல், நடுவே ஒற்றைக் கரைப்பாதை. அங்கே அந்த ஒரு கணம் உயிருக்கே ஆபத்தாகலாம்.

இத்துள்ளலை அடக்கும் கருவிதான் ‘ஷாக் அப்ஸார்பர்’. அதைத் தணிப்பான் என்று சொல்வேன். எண்ணெய் நிரம்பிய குழாய்; அதனுள் சிறு துளைகளும் அடைப்பிதழ்களும் கொண்ட பிஸ்டன்; அவ்வளவுதான். ஊசிக்குழலில் நீரை நிரப்பி மெல்ல அழுத்துங்கள், எளிதில் இறங்கும். வேகமாக அழுத்துங்கள், எதிர்க்கும். தணிப்பானும் அவ்வாறே எதிர்த்து, துள்ளலின் ஆற்றலை வெப்பமாக்கி வெளியேற்றுகிறது.

இனி, கரடுமுரடான பாதைக்கு எதைத் தேர்வது? சுமை மிகுதியென்று கடினமான தணிப்பானை நாடுவோர் உண்டு. அது பொருந்தாது. சுமையைத் தாங்குவது வில், தணிப்பான் அன்று. வில்லின் வலிமைக்கு ஏற்ற தணிப்பே வேண்டும். தணிப்பு மிகுந்தால் சக்கரம் பள்ளத்தில் இறங்கத் தயங்கும். குறைந்தால் துள்ளல் ஓயாது.

அடுத்தது நீளம். வண்டியை உயர்த்த நீண்ட வில் பூட்டியபின் பழைய தணிப்பானையே விட்டால், பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது அது முழுதும் இழுபட்டுப் பிடிப்பு முறியக்கூடும். ஆகவே சக்கரம் முழுதும் தாழ்ந்த நிலையிலும், முழுதும் உயர்ந்த நிலையிலும் அளந்த பின்னரே வாங்க வேண்டும்.

மூன்றாவது, வகை. நெடுநேரம் குலுங்கும் பாதையில் எண்ணெய் சூடேறி நுரைக்கும், தணிப்பு குன்றும். நைட்ரஜன் வாயுவின் அழுத்தம் அந்நுரையைத் தடுக்கிறது. ஒற்றைக் குழாய் வகை விரைவில் குளிரும். எனினும் கல் பட்டு நசுங்கினால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். இரட்டைக் குழாய் வகை அவ்வடியைச் சற்றுப் பொறுக்கும். மெல்லச் செல்லும் டெல்டாக் கரைகளில் வெப்பத்தைவிடச் சேறும் நீருமே பெரும் பகை. அங்கு இரட்டைக் குழாயே போதும். எண்ணெய் கசியாத முத்திரை வளையமும், துருப்பிடிக்காத தண்டும் முதன்மையானவை. உப்புக்காற்று வீசும் வேதாரண்யம் பக்கத்தில் இது இன்னும் தேவை.

2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் அவ்வேதாரண்யத்தின் அருகேதான் கரை கடந்தது. அத்தகைய நாளில் நல்ல சாலையை எதிர்பார்க்க இயலாது. உதவிப் பொருளோடு செல்லும் வண்டி வழியிலேயே நின்றுவிடலாகாது. ஆதலால் மழைக்கு முன்பே வண்டியின் ஒவ்வொரு மூலையையும் அழுத்தி விடுங்கள். ஒருமுறை எழுந்து அமைந்தால் நன்று. மேன்மேலும் ஆடினாலோ, குழாயில் எண்ணெய் வழிந்தாலோ மாற்றுங்கள். ஓர் அச்சின் இருபுறத்தையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒருபுறம் புதிதும் மறுபுறம் பழையதுமாயின் வண்டி நேராக நிற்பது அரிது.