விசிட்டிங் கார்டின் கனம்



பழைய கார்களைப் பேணுவோர் கூடும் இடத்தில் ஒருவரை இன்னாரென்று சொல்லும் முறையே தனி. வெளியுலகில் பதவியையும் சம்பளத்தையும் அலுவலகத்தையும் வைத்து ஆளை எடைபோடுவது வழக்கமாயிருக்க, இங்கோ 'அறுபத்திரண்டு அம்பாசடர்காரர்', 'ஹெரால்டு வைத்திருப்பவர்', 'பத்மினி டாக்டர்' என்று வண்டியே முதற்பெயராகிறது. அவர் வங்கி மேலாளரா, மளிகைக் கடைக்காரரா என்பது மூன்றாம் நான்காம் சந்திப்பில்தான், அதுவும் உதிரிபாகம் ஒன்றைத் தேடும் பேச்சுக்கிடையே தெரியவருகிறது. தொழிலை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருகிறார்கள் என்று இதைப் பாராட்டுவோர் உண்டு. அந்தப் பாராட்டு பாதிதான் பொருந்தும். தொழில் வாசலில் நிற்பதில்லை. கூடவே வந்து பானெட்டுக்கு அடியில் கைவைக்கிறது.

இத்துறையின் சொற்களைச் சற்றே உரசிப் பார்த்தாலும் உள்ளே ஒரு தொழில் தெரியும். 1919 முதல் 1930 வரை செய்யப்பட்ட கார்களைக் குறிக்கும் 'விண்டேஜ்' என்னும் சொல், திராட்சை அறுவடையின் ஆண்டைச் சொல்லும் மது வணிகத்திலிருந்து வந்தது. 'டாஷ்போர்டு' என்பது குதிரைக் குளம்பு வாரியடிக்கும் சேறு வண்டிக்காரர் மேல் படாமல் தடுத்த பலகை. பணக்காரர் வீட்டு ஓட்டுநரைக் குறித்த 'ஷோஃபர்' என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்கு முதற்பொருள் சூடேற்றுபவர், அதாவது நீராவி எந்திரத்தின் உலையில் தீ வளர்க்கும் தொழிலாளி. தமிழ்நாட்டுப் பட்டறைகளில் ஒடுங்கிய தகட்டை நிமிர்த்துபவருக்கு வழங்கும் 'டிங்கர்' என்னும் பெயரோ, இங்கிலாந்தில் ஊர் ஊராய்ச் சென்று பாத்திரத்துக்கு ஒட்டுப்போட்டவர்களுடையது.

சென்னையில் காரின் வரலாறே பலவகைத் தொழிலாளரின் வரலாறாகத்தான் தொடங்குகிறது. இந்நகரில் முதலில் கார் வைத்திருந்தவர் என்று சொல்லப்படும் ஏ. ஜே. யார்க், பாரி நிறுவனத்தின் இயக்குநர்; எம்.சி. 1 என்னும் முதற்பதிவு எண்ணைப் பெற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், ரயில்வேப் பொறியாளராயிருந்து சென்னைத் துறைமுகத்தை உருவாக்கியவர்; எம்.சி. 3 என்னும் எண் கொண்ட பிரெஞ்சுக் காரை வாங்கி, இந்நகரில் கார் வைத்திருந்த முதல் இந்தியர் எனப் பெயர் பெற்ற நம்பெருமாள் செட்டியார், உயர் நீதிமன்றக் கட்டடத்தை எழுப்பிய ஒப்பந்தக்காரர். வணிகர், பொறியாளர், கட்டட ஒப்பந்தக்காரர் என மூன்று தொழில்கள், மூன்று கார்கள். இவர்களோடு சேர்த்து எண்ணவேண்டிய நான்காமவர், கார் வாங்கியவரல்லர், செய்தவர்: 1840-இல் தொடங்கிக் குதிரை வண்டிகளைக் கட்டிவந்த சிம்சன் நிறுவனத்தில் 1903-இல் நீராவிக் கார் ஒன்றை உருவாக்கிய சாமுவேல் ஜான் கிரீன். மரமும் தோலும் இரும்பும் கையாளத் தெரிந்த வண்டி கட்டும் தச்சரும் கொல்லரும் இல்லாமல் அந்தக் கார் பிறந்திருக்காது என்பது வெளிப்படை.

கோயம்புத்தூரின் ஜி. டி. நாயுடுவை இவ்விடத்தில் கடந்து செல்ல இயலாது. வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு, அதை வாங்கவேண்டுமென்பதற்காகவே ஓட்டலில் பரிமாறும் வேலை செய்து பணம் சேர்த்தவர் அவர்; வாங்கியதும் அதைப் பிரித்துப் போட்டு, மறுபடி பூட்டக் கற்றுக்கொண்டார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தை ஓட்டத் தொடங்கிய அந்த உழைப்பின் தொடர்ச்சியாகவே, இன்று அவர் பெயர் தாங்கும் கார் அருங்காட்சியகம் அந்நகரில் நிற்கிறது. ஆசையும் பிழைப்பும் அவரிடத்தில் இரண்டாகப் பிரிந்திருக்கவில்லை.

பிற்காலத்தில் கார் செய்யும் தொழிலும் இம்மண்ணில் வேரூன்றியது. 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. வண்டலூரில் ஸ்டாண்டர்டு நிறுவனம் வான்கார்டு முதலிய கார்களைச் செய்து, 1961 முதல் ஹெரால்டையும், பின்னர் பிற நாடுகளில் இல்லாத நான்கு கதவு ஹெரால்டையும் வெளியிட்டது. ஆகவே தென் சென்னைப் புறநகரில் ஹெரால்டு என்பது வெளிநாட்டுப் பெருமையன்று. பக்கத்து வீட்டுக்காரர் ஷிப்டுக்குப் போய்ச் செய்துவந்த பொருள்.

அந்த ஹெரால்டையே அருகில் சென்று பார்க்கலாம். அதன் பானெட் இருபக்க மட்கார்டுகளோடும் சேர்ந்து முழுதாக முன்னோக்கிச் சாய்ந்து திறப்பதால், பழுதுபார்ப்பவர் முன்சக்கர டயரின் மேலேயே வசதியாய் உட்கார்ந்துகொண்டு எஞ்சினில் கைவைக்க முடியும். அப்படி உட்கார்ந்து அடிக்கடி செய்யவேண்டியிருக்கும் வேலை, பாயிண்ட் செட்டைச் சரிசெய்வது. பாயிண்ட் என்பது டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் மாறிமாறி மூடித் திறக்கும் இரு சிறு உலோக முனைகள். அவை பிரியும் கணத்தில் காயிலின் முதற்சுற்றில் ஓடிய மின்னோட்டம் அறுந்து, இரண்டாம் சுற்றில் பல்லாயிரம் வோல்ட் எழுந்து, பிளக்கில் பொறி தெறிக்கிறது. முனைகளுக்கிடையே விடவேண்டிய இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு, அதாவது ஏறத்தாழ 0.38 மில்லிமீட்டர். இடைவெளி குறைந்தால் முனைகள் கருகும்; கூடினால் வேகத்தில் பொறி தளரும். இதை அளக்க ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய எஃகுத் தகடுகள் உண்டு. ஆனால் நெடுஞ்சாலையோரத்தில் வண்டி நின்றுவிட்டு, அந்தக் கருவி வீட்டு அலமாரியில் தங்கிவிட்டால், சட்டைப் பையிலுள்ள விசிட்டிங் கார்டே கைகொடுக்கும். நல்ல தடித்த அட்டையில் அச்சிட்ட கார்டின் கனம் கிட்டத்தட்ட அதே அளவுதான். துணைப் பொது மேலாளர் என்று பொன்னெழுத்தில் பொறித்த கார்டானாலும், மிக்சி பழுதுபார்க்கப்படும் என்ற கார்டானாலும், முனைகளுக்கிடையே செருகி உருவினால் ஒரே இறுக்கம்தான். இப்பொழுதுபோக்கில் பதவிக்குரிய இடம் எதுவென்று இதைவிடத் தெளிவாய்ச் சொல்வது கடினம்.

பதவிக்கு இடம் அவ்வளவுதான் என்றாலும், தொழிலறிவுக்கு அப்படியன்று. நுண்ணிய கருவிகளைப் பிடித்துப் பழகிய பல் மருத்துவரின் விரல், கார்புரேட்டர் ஜெட்டின் துளையைப் பெரிதாக்காமல் அடைப்பை எடுக்கும். கம்பியைவிட்டுக் குடையும் அவசரக்காரரிடம் அந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது. கணக்காயர் ஒவ்வொரு ஆணிக்கும் ரசீது வைத்திருப்பார். ஆசிரியர் தாம் கற்றதை இன்னொருவருக்குச் சொல்லாமல் விடமாட்டார், சில வேளை கேட்காதவர்க்கும். வழக்கறிஞரின் தேவை 2021 ஜூலைக்குப் பிறகு கூடியிருக்கிறது: முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, மூலவடிவம் குலையாமலிருக்கும் ஊர்திகளை விண்டேஜ் எனத் தனியே பதியும் விதி அப்போதுதான் வந்தது. பதிவெண்ணில் 'வி.ஏ.' என்னும் எழுத்துகள் இடம்பெறும். கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டு, புதுப்பிக்க 5,000 ரூபாய். கண்காட்சி, அணிவகுப்பு, ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கன்றி அவ்வண்டியை அன்றாடம் ஓட்டக்கூடாது. தாத்தா காலத்துப் பத்திரங்கள் கரையான் அரித்துக் கிடக்கும் வீடுகளில் இவ்விதியைப் படித்துச் சொல்ல ஒருவர் வேண்டும்தானே.

அரசு அலுவலகங்களில் ஆண்டுக்கணக்கில் அம்பாசடர் ஓட்டி ஓய்வு பெற்றவர்களின் அறிவு இவற்றுக்கெல்லாம் மேலானது. சித்திரை வெயிலில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி, பம்ப் இழுக்க முடியாமல் வண்டி நின்றுபோகும் 'வேப்பர் லாக்' என்னும் கோளாற்றுக்கு, பம்பின்மேல் ஈரத்துணி சுற்றிப் பத்து நிமிடம் காத்திருக்கும் வைத்தியத்தை அவர்கள் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. பின்னிருக்கையில் ஓர் அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க, அவர் முணுமுணுப்புக்கு நடுவே கற்ற பாடம் அது.

இப்பொழுதுபோக்கில் குறை என்று ஒன்று உண்டானால், அது இத்தகைய தொழிலறிவை மதிக்கும் விதத்தில்தான் தொடங்குகிறது. வாரம் ஆறு நாள் அலுவலகம் சென்று ஏழாம் நாள் காரைத் துடைப்பவர் 'ஆர்வலர்' எனப்படுகிறார். ஏழு நாளும் அதே காரின் அடியில் படுத்துக் கிடப்பவர் 'மெக்கானிக்' என்று மட்டுமே அழைக்கப்படுகிறார். முன்னவரின் தொழில் கேட்கச் சுவையான செய்தியாகிறது. பின்னவரின் தொழில், கூலி பேசும்போது மட்டும் நினைவுக்கு வருகிறது. சென்னையின் புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ கடை கடையாய் ஏறி இறங்கி, கிடைக்காத கிங்பின்னை லேத்தில் கடைந்து கொடுப்பவரும், குஷன் தைப்பவரும், பட்டி தேய்த்துப் பெயிண்ட் அடிப்பவரும் ஆர்வமில்லாமலா அதைச் செய்கிறார்கள்?

டிங்கர் வேலையைக் கூர்ந்து பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார். ஒடுங்கிய மட்கார்டின் உட்புறத்தில் 'டாலி' என்னும் வழவழப்பான இரும்புக் கட்டியைத் தாங்கி, வெளிப்புறத்தில் சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டித் தகட்டைப் பழைய வளைவுக்குக் கொண்டுவருவது அவ்வேலை. ஓங்கி அடித்தால் தகடு நீண்டு தளர்ந்துவிடும். பிறகு அதைச் சுருக்குவது பெரும்பாடு. ஆகவே நாலு தட்டுக்கு ஒருமுறை நிறுத்தி, உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். கண்ணுக்குத் தென்படாத மேடு கைக்குத் தென்படும். இன்றைய கார்களில் அடிபட்ட பகுதியை அப்படியே கழற்றிப் புதியதை மாட்டிவிடுவது எளிதாகிவிட்டதால், அந்த உள்ளங்கைக்கு வேலை குறைந்துவருகிறது. அறுபது வயது டிங்கரின் பட்டறையில் சுத்தியல் பிடிக்க இருபது வயதுப் பையன் வந்து நிற்பது அரிதாகிறது. கிடைக்காத உதிரிபாகத்தையாவது அச்செடுத்து வார்த்துக்கொள்ளலாம்.

ஆகவே இந்த அவையின்முன் வைக்கத்தக்க வேண்டுகோள் சிறியது. கண்காட்சிகளில் ஒவ்வொரு காரின் கண்ணாடியிலும் ஓர் அட்டை வைக்கப்படுகிறது. காரின் பெயர், ஆண்டு, எஞ்சின் அளவு, உரிமையாளர் என்று நான்கு வரி. ஐந்தாவது வரியில் தகடு நிமிர்த்தியவர், லேத் வேலை செய்தவர், குஷன் தைத்தவர், பெயிண்ட் அடித்தவர் ஆகியோரின் பெயர்களை எழுதலாம். அட்டையின் அடியில் இரண்டு விரற்கடை இடம் வெறுமையாகத்தான் கிடக்கிறது.