கூந்தல் மினுங்க வேண்டுமா? – மட்டக்களப்பு வாவிக்கரையில் பேசியது

(தோட்ட மாதர் குழுவினர் மட்டக்களப்புக்குச் சென்ற இரண்டு நாள் பயணத்தின்போது நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



நேற்று விடியற்காலை பதுளையில் பஸ் ஏறினோம். பிபிலை, மகா ஓயா எல்லாம் தாண்டி செங்கலடிச் சந்திக்கு வந்தபோது உடம்பு அலுத்துப் போனது. ஆனால் பின்னேரம் கல்லடிப் பாலத்தில் நின்று வாவியைப் பார்த்ததும் அந்த அலுப்பெல்லாம் பறந்துவிட்டது. ஏறக்குறைய 56 கிலோமீட்டர் நீளமான வாவி. நிலாக் காலத்தில் இங்கே மீன் பாடும் என்று சொல்வாங்க. நமக்கு வாகனச் சத்தம்தான் கேட்டது, பரவாயில்லை.

இன்று காலை கிணற்றடியில் நடந்த ஒரு பேச்சைத்தான் இப்போது எடுத்துக்கொள்கிறோம். நம்ம தங்கச்சி ஒருத்தி, பக்கத்து வீட்டு அம்மா தலை உலர்த்துவதைப் பார்த்துவிட்டு, "உங்க முடி மட்டும் எப்படி அம்மா இப்படி மினுங்குது? என்ன ஷாம்பூ போடுறீங்க?" என்று கேட்டாள். அந்த அம்மா சிரித்தாங்க. "ஷாம்பூவும் இல்ல ஒண்டும் இல்ல புள்ள. தேங்காயெண்ணெய்தான்" என்றாங்க. பிறகு நம்ம மூத்த அக்கா ஒருவருடைய தலையைப் பார்த்து, "இதென்ன, உச்சியில இப்படி வெளிச்சிருக்கு?" என்று கேட்டாங்க. அந்த அக்கா சட்டென்று சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டாங்க.

அந்தக் கேள்வி எங்களைச் சுட்டது. பல வருஷமாக லயத்துக்கு லயம் போய், சுத்தமாக இருங்கள், தலையை வாருங்கள் என்று பேசியிருக்கிறோம். ஆனால் கூடைக் கயிறு கிடந்த இடத்தில் முடி போயிருப்பதை நாங்கள் நின்று பார்த்ததில்லை. அதனால் இன்று மினுக்கத்தையும் பேசுவோம், அந்த உச்சந்தலையையும் பேசுவோம். இரண்டும் ஒரே கதைதான்.

முதலில் முடி எதனால் மினுங்குகிறது என்று பாருங்க. நேற்றுச் சந்தையில் வாவி மீன் பார்த்தோமே, அதன் செதிள் எப்படி ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கிறது? ஒவ்வொரு முடியின் மேலும் கண்ணுக்குத் தெரியாத செதிள்கள் அப்படித்தான் இருக்கின்றன. அவை படிந்து கிடந்தால் வெளிச்சம் பட்டு மினுங்கும். நிமிர்ந்து நின்றால் முடி சொரசொரப்பாகும், சிக்குப் பிடிக்கும், உடையும். தோலுக்கு வெளியே வந்த முடிக்கு உயிர் இல்லை. அதனால் கெட்டுப்போன நுனி தானாக ஆறாது. கெடாமல் காப்பதுதான் வழி.

செதிளை நிமிர்த்துகிற பெரிய எதிரி துணிச் சவர்க்காரம். நம்மில் பல பேர் பீலிக்கரையில் துணி துவைத்துவிட்டு, அதே கட்டியைத் தலையிலும் தேய்த்துக்கொள்கிறோம். அதில் காரம் கூட. எண்ணெய்ப் பசை முழுக்கப் போய், முடி தும்பு மாதிரி ஆகிவிடும். இங்கே கிணற்றுத் தண்ணியில் சவர்க்காரம் சரியாக நுரைக்கவில்லை என்று காலையில் சொன்னீங்க. தண்ணியில் உப்புகள் கூடினால் அப்படித்தான். சவர்க்காரம் தலையில் படிந்து முடி விறைத்துப் போகும். நம்ம மலைப் பீலித் தண்ணி மெதுவான தண்ணி. தலைமுடிக்கு அதைவிட நல்லது வேறில்லை. ஆக, தண்ணி விஷயத்தில் குறை நம்ம பக்கம் இல்லை!

இனி வீட்டில் செய்யக்கூடியவை.

எண்ணெய்: தேங்காய் விலை உங்களுக்குத் தெரியும். அதனால் நிறையச் சொல்லவில்லை. கிழமைக்கு ஒரு தடவை, தலை முழுகும் முன் இரண்டு தேக்கரண்டி போதும். அடுப்பில் காய்ச்ச வேண்டாம். கிண்ணத்தைச் சுடுதண்ணியில் வைத்து இளஞ்சூடாக்கி, முடியின் நீளத்துக்கும் நுனிக்கும் தடவி, ஒரு மணித்தியாலம் விடுங்கள். தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிய எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு இந்தியாவில் செய்த ஓர் ஆய்வு 2003இல் வெளிவந்தது. முடியின் புரதம் கழுவுப்பட்டுப் போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அது முடிக்குள்ளே இறங்கக்கூடியது. ஆனால் எண்ணெய் புது முடியை முளைக்க வைக்காது. இருக்கிற முடியைத்தான் காக்கும்.

கழுவுதல்: செவ்வரத்தை இலை ஒரு கைப்பிடி எடுத்துக் கசக்கினால் வழுவழுப்பாக வரும். அதை வடித்துத் தலையில் தேயுங்கள். ஊற வைத்து அரைத்த வெந்தயமும் அப்படித்தான். சீயக்காய் இருந்தால் நல்லது, கண்ணில் படாமல் பாருங்கள். ஷாம்பூ கூடாது என்று சொல்லவில்லை. ஒரு சின்னப் பைக்கட்டைத் தண்ணியில் கலந்து, தலைத் தோலில் மட்டும் போட்டால் இரண்டு பேருக்கு வரும். கடைசித் தண்ணியில் அரைத் தேசிக்காய்ப் புளி விட்டுக் கலந்து ஊற்றினால் செதிள் படியும். பிறகு வெறும் தண்ணியால் கழுவிவிடுங்கள். தேசிக்காயை அப்படியே தலையில் தேய்த்துக்கொண்டு வெயிலில் போகக் கூடாது. தோல் கொப்புளித்துக் கறுத்துவிடும்.

உலர்த்துதல்: துவாயால் அடித்து உதற வேண்டாம், ஒற்றி எடுங்கள். சிக்கை நுனியிலிருந்து மேலே மேலே எடுங்கள். காலையில் ஈரத் தலையோடு கொண்டை போட்டு, அதன் மேல் துணியும் கயிறும் வைத்து மலைக்குப் போனால் பொடுகும் நாற்றமும் வரும். தலை முழுக்கை வேலை இல்லாத நாளில் வைத்துக்கொள்ளுங்கள். பொடுகு கூட இருக்கும்போது எண்ணெயை ஊற விட்டால் அது இன்னும் கூடும். அதற்கு மருந்துச் ஷாம்பூ இருக்கிறது, டிஸ்பென்சரியில் கேளுங்கள்.

பேன்: இதை அழுத்திச் சொல்கிறோம். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். தலைத் தோல் வெந்துவிடும். லயன் காம்பராவில் அடுப்பு நாலடி தூரத்தில் எரிகிறது. ஒரு பொறி போதும். செவ்வரத்தை வழுவழுப்பைத் தடவி, ஈரத்தோடு பேன் சீப்பால் மூன்று நாளைக்கு ஒரு தடவை, இரண்டு கிழமைக்குச் சீவுங்கள். ஈர் பொரிக்க ஏழு முதல் பத்து நாள் செல்லும். அதனால்தான் ஒரு நாளோடு நிறுத்தக் கூடாது. வீட்டில் எல்லாருக்கும் ஒரே நாளில் பாருங்கள்.

தங்கச்சிமார்களுக்கு ஒரு வார்த்தை. டவுனில் முடியை நீட்டி விடுகிற சில மருந்துகளில் ஃபோமல்டிஹைட் இருக்கிறது. சூடு காட்டும்போது கண் எரிந்தால் அதுவாகவும் இருக்கலாம். அது மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் தீர்மானித்தது. ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து அதை வாங்க வேண்டுமா?

இப்போது கயிற்றுக்கு வருவோம். கொழுந்துக் கூடையின் கயிறு வருஷக்கணக்காக ஒரே இடத்தில் இழுத்தால், அந்த இடத்து முடி வேரோடு தளர்ந்துவிடும். அது சாபமும் இல்லை, அசுத்தமும் இல்லை. பாரத்தால் வந்தது. வெட்கப்பட வேண்டியதும் இல்லை. ஆரம்பத்தில் கவனித்தால் முடி திரும்ப வரும். நெடுங்காலம் விட்டுவிட்டால் வேர் செத்து வழுவழுப்பாகிவிடும், பிறகு எந்த எண்ணெயும் உதவாது. அதனால் கயிற்றுக்குக் கீழே தடித்த துணியை அகலமாக மடித்து வையுங்கள். நெற்றிக்கும் உச்சிக்குமாக இடத்தை மாற்றி மாற்றிப் போடுங்கள். பாரம் நிறைய முன்பே இறக்குங்கள். கயிற்றுக்கு அடியில் இறுக்கமான கொண்டை வேண்டாம், தளர்ந்த பின்னல் போதும். தோளில் மாட்டுகிற அகலப் பட்டி வைத்துக் கூடை கட்ட முடியுமா என்று நிர்வாகத்திடம் கேட்கப் போகிறோம். உங்களில் நாலு பேர் கூட வந்தால் அந்தக் கேள்விக்குப் பலம்.

அடுத்தது சாப்பாடு. எண்ணெய் வெளியே, இரத்தம் உள்ளே. இரத்தத்தில் இரும்புச் சத்துக் குறைந்தால் உடம்பு முதலில் இருதயத்தைப் பார்க்கும், மூளையைப் பார்க்கும். முடியைக் கடைசியில்தான் பார்க்கும். நாம் தேயிலை பறிக்கிறவர்கள். ஆனால் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கிற தேத்தண்ணியின் துவர்ப்பு, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது. தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்னோ பின்னோ குடியுங்கள். முருங்கைக் கீரை, பொன்னாங்காணி, பயறு, கௌபி, நெத்தலிக் கருவாடு இவைகளில் தினம் ஒன்றாவது இருக்கட்டும். சுண்டலில் தேசிக்காய்ப் புளி விட்டால் இரும்பு நன்றாகச் சேரும். கிளினிக்கில் தருகிற இரும்பு மாத்திரையையும் தேத்தண்ணியோடு விழுங்கக் கூடாது.

ஒரு நாளைக்கு ஐம்பது முதல் நூறு முடி வரை விழுவது வழமை. பிள்ளை பெற்று மூன்று நாலு மாதத்தில் கொத்தாகக் கொட்டும். பிள்ளை முகம் பார்க்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும் என்று பாட்டிமார் சொல்வாங்க. பிள்ளை மேல் பழி வேண்டாம். பிரசவத்தில் ஓய்வுக்குப் போன முடிகள்தான் ஒன்றாக விழுகின்றன. பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குள் திரும்பிவிடும். கடும் காய்ச்சலுக்குப் பிறகும் அப்படித்தான். ஆனால் முடி கொட்டுவதோடு ஏற்றத்தில் மூச்சு வாங்குது, தலை சுற்றுது, கண் இமைக்குள் வெளிறியிருக்குது, மாதவிடாய் அளவுக்கு மேல் போகுது என்றால், கடைக்கு எண்ணெய் வாங்கப் போகாதீங்க. கிளினிக்குக்குப் போய் இரத்தம் பாருங்கள். வட்ட வட்டமாக முடி கழன்றாலும், தலையில் புண் வந்தாலும் அப்படியே செய்யுங்கள்.

கடைசியாக ஒரு வேலை தருகிறோம். இன்று இரவு படுக்குமுன், ஒருவர் தலையை ஒருவர் பாருங்கள். கயிறு படுகிற இடத்தில் வெளிச்சிருந்தால் மறைக்காமல் எங்களிடம் சொல்லுங்கள். வீடு போனதும் மருத்துவ அறைக்கு உங்களோடு நாங்களும் வருகிறோம். சேலைத் தலைப்பால் மூடிக்கொண்ட அந்த அக்கா, மத்தியானம் தானாக வந்து தலையைக் காட்டினாங்க. ஓரங்களில் பிஞ்சு முடி இன்னும் இருக்கிறது, நேரம் இருக்கிறது. அவங்கதான் முதல் பெயர்.

நாளைக்குக் காலையில் பஸ் ஆறு மணிக்கு. கிணற்றடிக்கு நேரத்தோடு போங்க. தலையில் துணிச் சவர்க்காரம் மட்டும் வேண்டாம்!