சோற்றைச் சுற்றும் பொலித்தீன்: நாம் தெரிந்திருக்க வேண்டியவை, கேட்க வேண்டியவை

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் பிரிவுத் தலைவிகள் ஆகியோருக்கான வகுப்பில் நிகழ்த்திய உரை)



சம்பளம், நிறுவை, வேலை நாள் என்று பேசுகிற மேடையில் லஞ்ச் சீட்டைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கக்கூடும். காலையில் பிரட்டுக்குப் போகும்போது நாம் கட்டிக்கொண்டு போகிற ரொட்டியும் சம்பலும் மத்தியானம் வரை எதற்குள் கிடக்கிறது என்பதும் தொழிலாளியின் ஆரோக்கியப் பிரச்சினைதான். ஆரோக்கியம் போனால் பேரும் போகும், சம்பளமும் போகும்.

முதலில் ஒரு பயத்தைத் தெளிவாக்கிக் கொள்வோம். பொலித்தீன் என்றாலே நஞ்சு என்று சொல்வது சரியில்லை. எதிலீன் என்ற வாயுவைச் சங்கிலி போலக் கோத்துச் செய்வதுதான் பொலித்தீன். உணவுக்கென்றே செய்த சுத்தமான பொலித்தீன் பையில் மா, சீனி, பருப்பு போன்ற காய்ந்த சாமான்களை வைத்திருப்பதால் பயப்பட ஒன்றுமில்லை. ஆபத்து வருவது நான்கு விதத்தில்: சூடு, எண்ணெய், புளிப்பு, நேரம். பொலித்தீனுக்கு நிறம் கொடுக்கவும், அதை வெடிக்காமல் வைக்கவும் தொழிற்சாலையில் சேர்க்கிற சில பொருட்கள் சூட்டில் இளகி உணவுக்குள் இறங்கும். எண்ணெய் அவற்றை இன்னும் நன்றாக இழுக்கும். எவ்வளவு நேரம் கிடக்கிறதோ அவ்வளவுக்கு இறங்குவதும் கூடும்.

இதை எங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கணக்காகவே சொல்லிக் கொடுக்கிறோம். பொலித்தீன் அதன் வகைக்கு ஏற்றபடி ஏறக்குறைய 105 முதல் 135 பாகை செல்சியஸ் வரையில் உருகும். நுவரெலியா போன்ற உயரமான இடத்தில் தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஆகவே கொதிக்கிற சாயத்தண்ணியைப் பையில் ஊற்றினால் பை உருகி ஓடாது. உருகவில்லை என்பதற்காகப் பத்திரம் என்று நினைத்துவிடக் கூடாது. உருகுவதற்கு வெகு முன்பே அது இளகத் தொடங்கிவிடுகிறது. வடை பொரிகிற எண்ணெயோ 170, 180 பாகை. சட்டியிலிருந்து எடுத்த வடையை நேரே லஞ்ச் சீட்டில் போட்டால் அந்த இடம் சுருங்கி ஒட்டிக்கொள்வதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அப்படி ஒட்டியதைச் சுரண்டி எடுத்துவிட்டு மிச்சத்தைப் பிள்ளைக்குக் கொடுப்பது வேண்டாம்.

சொப்பிங் பேக்கில், முக்கியமாகக் கறுப்பு நிறப் பையில், கறியோ சோறோ வாங்கவே கூடாது. பழைய பிளாஸ்டிக்கை உருக்கி மறுபடியும் செய்கிற பைகளின் அழுக்கை மறைக்கக் கடும் நிறம் சேர்ப்பார்கள். அந்தப் பழைய பிளாஸ்டிக் முன்பு எதற்குப் பயன்பட்டது என்று யாருக்கும் தெரியாது. அச்சடித்த பையை உட்புறம் வெளியே திருப்பி உணவு வைப்பதும், பத்திரிகைத் தாளில் எண்ணெய்ப் பலகாரம் சுற்றுவதும் மையைத் தின்பதற்குச் சமம்.

பெட்டி வாங்கினால் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் இலக்கத்தைப் பாருங்கள். 2, 4 என்றால் பொலித்தீன் வகை. 5 என்றால் பொலிப்ரொப்பிலீன். அது சூட்டைக் கொஞ்சம் கூடத் தாங்கும். எந்தப் பெட்டியானாலும் சோற்றை ஆறவிட்டு வைப்பது நல்லது. முடிந்தவர்கள் சில்வர் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். வாழை இலை கிடைக்கிற தோட்டங்களில் இலையைத் தணலில் வாட்டிக் கட்டுவது நம் பாட்டிமார் செய்ததுதான்.

அடுத்தது, தோட்டத்துக்கே உரிய பெரிய ஆபத்து. மருந்தடித்து முடிந்த வெறும் கேனையும் போத்தலையும் கழுவி, தண்ணீர் பிடிக்கவும் எண்ணெய் வாங்கவும் வைத்துக்கொள்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்தக் கேன்களில் பலவும் பொலித்தீன்தான். பார்ப்பதற்கு நல்ல தடிப்பாக இருப்பதால் வீசுவதற்கு மனம் வராது. எத்தனை தடவை சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் கேனின் சுவருக்குள் ஊறிய மருந்து முழுதாகப் போகாது. உரப்பையின் உள்ளே வருகிற பொலித்தீன் பையில் அரிசி, மா கட்டி வைப்பதும் இப்படித்தான். உரப்பையைப் படங்காகக் கட்டுவது வேறு, அதில் உணவு வைப்பது வேறு.

இன்னொன்று அடுப்பு. மழைக்காலத்தில் ஈர விறகு பிடிக்காதபோது லஞ்ச் சீட்டைச் சுருட்டிப் பற்ற வைக்கிறோம். காற்றோட்டமில்லாத லயத்துக் குசினியில் அந்தப் புகையைச் சுவாசிப்பது தாயும் மடியில் இருக்கிற குழந்தையும்தான். பொலித்தீனோடு பி.வி.சி. குழாய்த் துண்டு, வயர் உறை போன்றவையும் சேர்ந்து எரிந்தால் வருகிற புகை இன்னும் கொடியது.

சட்டம் என்ன சொல்கிறது? 2017 ஏப்ரல் 14 அன்று, புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்லைக் குப்பை மேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதன் பிறகு அதே ஆண்டு செப்டம்பர் 1 முதல் பொலித்தீன் லஞ்ச் சீட்டும், ரெஜிபோம் உணவுப் பெட்டியும், 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்த தடிப்பும் உள்ள பொலித்தீனும் தடை செய்யப்பட்டன. 20 மைக்ரோன் என்பது ஒரு மில்லிமீற்றரில் ஐம்பதில் ஒரு பங்கு. பிளாஸ்டிக்கைத் திறந்த வெளியில் எரிப்பதும் தடை. தடை வந்தும் கடைகளில் லஞ்ச் சீட் தொங்கிக்கொண்டிருந்ததை நாம் கண்டோம். தடை மட்டும் போதாது, மாற்று வழி வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

தோழர்களே, இங்கேதான் தொழிற்சங்கத்தின் வேலை வருகிறது. தொழிலாளிக்கு அறிவில்லை, அதனால்தான் பொலித்தீனில் சாப்பிடுகிறார்கள் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நாம் திருப்பிக் கேட்போம். மலையில் கொழுந்தெடுக்கிற பெண்ணுக்குக் கை கழுவத் தண்ணீர் எங்கே? சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவ இடம் எங்கே? மழைக்கு ஒதுங்கி உட்கார்ந்து சாப்பிடக் கூரை எங்கே? இவை இல்லாத இடத்தில், சாப்பிட்டதும் சுருட்டி வீசக்கூடிய லஞ்ச் சீட்டை அவள் எடுத்துக்கொண்டு போவது அறியாமையால் அல்ல.

குப்பையைப் பற்றியும் அப்படியே. பல காலமாகத் தோட்டம் தனியார் இடம் என்று சொல்லிப் பிரதேச சபைகள் ஒதுங்கி நின்றன. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் அதற்கு வழிவிட்ட 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்டது. தோட்டங்களுக்குச் சேவை செய்யச் சட்டம் இடம் தரவில்லை என்ற பழைய பதில் இனிச் செல்லாது. நமது வாக்கில் வந்த உறுப்பினர்கள் சபையில் இருக்கிறார்கள். அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள்.

ஆகவே, ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் நிர்வாகத்தின் முன் வைக்க வேண்டிய கோரிக்கைகள் இவை. ஒன்று: கொழுந்தெடுக்கும் மலைகளில் ஒதுங்கிச் சாப்பிட ஒரு கூடாரமும் கை கழுவத் தண்ணீரும். இரண்டு: மருந்துக் கேன்களை மூன்று முறை அலசி, ஓட்டை போட்டு, பூட்டிய அறையில் எண்ணி வைத்து, கணக்கோடு திருப்பி அனுப்ப வேண்டும், எவருக்கும் கொடுக்கவோ விற்கவோ கூடாது. மூன்று: பிள்ளைக்காம்பராவில் சூடான உணவும் பாலும் சில்வர் பாத்திரத்தில் மட்டும். நான்கு: லயத்துக் குப்பையை எடுக்கக் கிழமைக்கு ஒரு நாளாவது வாகனம்.

நம் பக்கத்தில் செய்யக்கூடியதும் உண்டு. மாதர் பிரிவுத் தலைவிகள் லயம் லயமாகப் போய், தண்ணீருக்கு வைத்திருக்கிற மருந்துக் கேன்களை முதலில் வெளியே எடுக்கச் சொல்லுங்கள். லஞ்ச் சீட் பிறகு. வீட்டுக்காரியை வையாதீர்கள், மாற்றுப் பாத்திரம் வாங்க வழியில்லாத வீட்டைக் கண்டால் கமிட்டிக்குச் சொல்லுங்கள், நமது சந்தாவிலிருந்து உதவுவதைப் பற்றிப் பேசி முடிவெடுப்போம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்கிறோம். வீட்டிலும் மலையிலும் நடக்க வேண்டியது உங்கள் கையில்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது இரண்டு கணக்கோடு வாருங்கள்: உங்கள் பிரிவில் எத்தனை கேன் வெளியே எடுக்கப்பட்டது, நிர்வாகத்துக்குக் கொடுத்த கடிதத்துக்கு என்ன பதில் வந்தது. பதில் வராவிட்டால் அடுத்த நடவடிக்கையை அங்கேயே தீர்மானிப்போம்.