குற்றங்கூறலும் கவிஞர் கடனும்



பத்தாண்டு நிறைவு ஓர் இலக்கிய வட்டத்திற்குப் பெருமை சேர்ப்பதாகும். இத்தகைய விழாவில் வாழ்த்துரைக்குப் பஞ்சமிராது. அதனாலேயே குறையுரை பற்றிச் சிறிது சிந்திப்பது பொருத்தமாகின்றது. கவியரங்க மேடையில் கைதட்டல் கிடைக்கின்றது. அதே கவிதை நூலாக வெளிவந்தபின் கடுமொழி வருகின்றது. அக்கடுமொழியைத் தாங்கமாட்டாமல் எழுதுகோலைக் கீழே வைத்தவர்கள் உண்டு. அதற்கு மறுப்பெழுதியே காலத்தைக் கழித்தவர்களும் உண்டு. இரண்டும் தமிழுக்கு இழப்பே.

அதங்கோட்டாசான் எழுப்பிய வினாக்கள்

குறை கேட்கும் வழக்கம் தமிழுக்குப் புதியதன்று; நூல் பிறக்கும்போதே உடன்பிறந்தது. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசானுக்குக் கூறப்பட்டது என்று பனம்பாரனாரின் பாயிரம் அறிவிக்கின்றது. இதற்கு உரை கண்ட நச்சினார்க்கினியர் ஒரு வரலாறு தருகின்றார். தொல்காப்பியன் செய்த நூலைக் கேளாதே என்று அகத்தியர் தடுக்கின்றார்; கேட்டருள வேண்டும் என்று தொல்காப்பியர் பலகாலும் வேண்டுகின்றார். இருவர் சினத்திற்கும் ஆளாகாதிருக்க எண்ணிய அதங்கோட்டாசான், நூலைக் கேட்டுக் குற்றங்கூறிவிடுவது எனத் துணிகின்றார். அவர் எழுப்பிய வினாக்களுக்கெல்லாம் தொல்காப்பியர் விடை கூறினார் என்பது அவ்வரலாறு.

இது நிகழ்ந்ததா என்பதைக் காட்டிலும், இப்படி நிகழ்ந்ததாகத் தமிழ் மரபு எண்ண விரும்பியது என்பதே கருதத்தக்கது. குற்றங்கூறவேண்டும் என்ற முடிவோடு ஒருவர் அமர்ந்திருக்கின்றார். அவருடைய உள்நோக்கம் யாது என்று நூலாசிரியர் ஆராயவில்லை. வினா யாது என்றே ஆராய்ந்தார். நோக்கம் பழுதாயினும் வினா பழுதாகாது. அவையடக்கம் பாடும் மரபும் இதன் தொடர்ச்சியே. பிறர் குறை காண்பர் என்பதை முதலிலேயே ஏற்றுக்கொண்டு புலவர் நூலைத் தொடங்கினார்.

சிந்தாமணியும் கண்டனப் புயலும்

அச்சுக்காலம் வந்தபின் குறைகூறல் அவையைக் கடந்து தெருவுக்கு வந்தது. 1887ஆம் ஆண்டு உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்தார். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த அவருக்குப் புகழ் பெருகியது; உடன் கண்டனமும் பெருகியது. பதிப்பில் பிழை மலிந்துள்ளது என அச்சிட்ட தாள்கள் உலவின. தம் வரலாற்றை எழுதும்போது அப்பகுதிக்குக் 'கண்டனப் புயல்' என்றே அவர் தலைப்பிட்டார். அத்துணை ஆண்டுகள் கடந்தும் அவ்வடு ஆறவில்லை என்பதற்கு அத்தலைப்பே சான்று.

ஆயினும் அவர் செய்தது யாது? 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு என நூல்கள் வெளிவந்தன. 1907இல் சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பு திருத்தங்களோடு வந்தது. கண்டனத்திற்கு மறுப்புத்தாள் விடையாகவில்லை. அடுத்த நூலும், திருந்திய பதிப்புமே விடையாயின. கண்டனத்தாள்கள் இன்று எவர் கையிலும் இல்லை.

கோவையில் எழுந்த குரல்

கோவை மண்ணுக்கு இதில் தனி அனுபவம் உண்டு. 1971இல் இங்கிருந்து 'வானம்பாடி' விலையிலாக் கவிமடலாகப் பறந்தது. புவியரசு, ஞானி, சிற்பி, அக்கினிபுத்திரன், முல்லை ஆதவன் முதலியோர் அவ்வியக்கத்தில் இணைந்தனர். அவர்கள் இருபுறமும் தாக்கப்பட்டனர். யாப்பைக் கைவிட்டார்கள் என்று மரபுவழிப் புலவர்கள் சினந்தனர். முழக்கமே மிகுதி, கவிதை குறைவு என்று 'எழுத்து' வழிவந்தோர் இகழ்ந்தனர். வெங்கட் சாமிநாதனின் விமர்சனம் கடுமையாகவே இருந்தது.

இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்தல் கூடாது. முதலாவது, கவிஞர் எதைச் செய்ய முற்பட்டார் என்பதையே ஏற்காத மறுப்பு; அதற்குக் காலமே விடை கூறும். இரண்டாவது, செய்ய முற்பட்டதைச் செம்மையாகச் செய்தாரா என்னும் வினா. அதற்குக் கவிஞரே விடை கூறவேண்டும். மார்க்சியராகிய ஞானி இயக்கத்தின் உள்ளிருந்தே அதனை ஆராய்ந்தார். 2020இல் மறையும் வரை, பார்வை இழந்த பின்னும், பிறரை வாசிக்கச் செய்து கேட்டு விமர்சனப் பணியைத் தொடர்ந்தவர் அவர். பின்னாளில் சிற்பி 'ஒரு கிராமத்து நதி'க்காக 2003லும், புவியரசு 'கையொப்பம்' நூலுக்காக 2009லும் சாகித்திய அகாதெமி விருது பெற்றனர். இயக்கத்தின் உரத்த குரலிலிருந்து ஆற்றங்கரைச் சிற்றூரின் நினைவுக்கு வந்து சேர்ந்த தொலைவைச் சிற்பியின் நூற்பெயரே காட்டிவிடுகின்றது.

பட்டறை தரும் பாடம்

துடியலூரைச் சுற்றிலும் பட்டறைகள் மிகுதி. பம்புசெட் வாங்கிய உழவர், தண்ணீர் ஏறவில்லை என்று சினத்தோடு வருகின்றார். தேர்ந்த மெக்கானிக் அவரோடு வாதிடுவதில்லை. பம்பு முழுவதும் பழுது என்று ஒப்புக்கொள்வதுமில்லை. கிணறு எத்தனை அடி, மின்சாரம் போதிய அளவு வருகின்றதா, புட்வால்வு அடைத்திருக்கின்றதா என்று ஒவ்வொன்றாகக் கேட்கின்றார். பழுது எந்திரத்திலா, கிணற்றிலா, இடைக்குழாயிலா என்பது அதன்பின் தெளிவாகின்றது.

கவிஞருக்கும் இம்மூன்று வினாவே போதும். குறை கவிதையில் உள்ளதா? படிப்பவரின் எதிர்பார்ப்பில் உள்ளதா? இரண்டிற்கும் இடையே சொல் சென்றுசேரும் வழியில் உள்ளதா? 'புரியவில்லை' என்னும் ஒரு சொல் இம்மூன்றில் எதனையும் குறிக்கலாம். உழவர் சினந்து பேசினார் என்பதற்காகப் பழுதில்லை என்று ஆகிவிடாது. பணிந்து பேசினார் என்பதற்காகப் பழுது பெரிதாகிவிடாது. தொனி வேறு, செய்தி வேறு.

விமர்சனமும் அச்சுறுத்தலும்

எல்லா எதிர்ப்பும் விமர்சனம் ஆகாது. கொங்கு நாட்டில் அண்மைக்காலத்தில் நிகழ்ந்ததை இங்கு நினைத்தல் வேண்டும். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வெளிவந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2014 டிசம்பரில், திருச்செங்கோட்டில் அந்நூல் எரிக்கப்பட்டது; பின்னர்க் கடையடைப்பும் நடந்தது. 2015 சனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் பேச்சுவார்த்தை நடத்தப்பட்டு, எழுதிக் கையொப்பம் பெறப்பட்டது. எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என அவரே முகநூலில் அறிவித்தார். 2016 சூலை 5ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்து, மீண்டும் எழுதுமாறு கூறியது. அவ்வாண்டே அவர் 'கோழையின் பாடல்கள்' என்னும் கவிதைத் தொகுதியோடு திரும்பினார். மௌனத்திலிருந்து மீள ஒரு நாவலாசிரியருக்குக் கவிதையே கைகொடுத்தது என்பதைக் கவிஞர்கள் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

நூல் பிடிக்கவில்லை எனக் கூறும் உரிமை எவர்க்கும் உண்டு. கடுமையாகக் கூறும் உரிமையும் உண்டு. எழுதியவரை ஊரைவிட்டு அகலச் செய்யும் உரிமை எவர்க்கும் இல்லை. முன்னதற்குக் கவிஞர் தனியே விடை காணலாம். பின்னதற்கு அவரைத் தனியே விடுதல் ஆகாது; சட்டமும் சக எழுத்தாளர்களும் துணைநிற்க வேண்டும். விமர்சனத்தை அச்சுறுத்தல் என்று கூக்குரலிடுவதும், அச்சுறுத்தலை விமர்சனம் என்று ஒதுக்கிவிடுவதும் ஒருங்கே தவறாகும்.

வட்டத்தின் கடமை

வெளியிலிருந்து வரும் கடுமொழி ஒருவரை வீழ்த்துவதற்குக் காரணம் பெரும்பாலும் உள்ளே அதற்குரிய பழக்கம் இல்லாமையே. பாராட்டு ஒன்றையே கேட்டு வளர்ந்த கவிஞருக்கு முதல் மதிப்புரை இடியாகின்றது. ஆதலின் மாதக் கூட்டம்தோறும் உறுப்பினர் ஒருவர் அதங்கோட்டாசான் பொறுப்பை ஏற்கலாம். குறை கூறுவோர் அடியையும் சொல்லையும் சுட்டிக் கூறுதல் வேண்டும். பாடியவரைச் சுட்டுதல் ஆகாது. கேட்பவர் அன்றே விடை கூறாமல் அடுத்த கூட்டத்தில் கூறலாம். ஒரு மாத இடைவெளியில் சினம் தணியும். வினா மட்டும் நிற்கும். அச்சேறுமுன் அன்பர் வாயிலாகக் கேட்ட குறை, அச்சேறியபின் அயலார் வாயிலாகக் கேட்கும் குறையைவிட எளிது.

பத்தாண்டுகள் ஒன்றுகூடிப் பாடியவர்களுக்கு ஒருவரையொருவர் திருத்தும் உரிமை வந்துவிட்டது. அவ்வுரிமையை அன்போடு கையாளின் அடுத்த பத்தாண்டின் கவிதைகள் வலுப்பெறும். வட்டம் வாழ்க, அதன் கவிஞர்கள் வளர்க.