குடலின் கதையும் குடும்பத்தின் கதையும்



தெமட்டகொடை ரயில் இரைச்சலுக்கு நடுவே விஞ்ஞானம் படித்தவர்கள் நாங்கள். உணவுக் கால்வாயை அழகாக வரைந்து பெயர் குறித்தோம். ஆனால் அந்தப் பெருங்குடலில் வரும் புற்றுநோயைப் பற்றி வீட்டில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறோம். இலங்கையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் அதிகம் வரும் முதல் ஐந்து புற்றுநோய்களுள் இதுவும் ஒன்று.

1895இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஒரு தையற்காரப் பெண், தன் குடும்பத்தில் பலர் புற்றுநோயால் இறந்ததாகவும் தனக்கும் அதுவே முடிவு என்றும் வைத்தியர் வார்தினிடம் சொன்னார். அவ்வாறே கர்ப்பப்பைப் புற்றுநோயால் இளவயதில் இறந்தார். அவர் சொன்னதை வைத்து வார்தின் அக்குடும்பத்தை ஆராய்ந்து 1913இல் எழுதினார். இன்று அதை லிஞ்ச் நோய் என்கிறோம். டி.என்.ஏ.யில் ஏற்படும் பிழைகளைத் திருத்தும் பரம்பரையலகு பழுதாவதால் வருவது. பெற்றோரில் ஒருவரிடம் அப்பழுது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

ஆனால் பெரும்பாலான நோயாளரிடம் இந்தப் பரம்பரைப் பழுது இல்லை. அங்கேதான் குடலில் வாழும் பற்றீரியாக்கள் கவனத்துக்கு வருகின்றன. ஈ.கோலை பற்றீரியாவின் சில வகைகள் கொலிபக்டின் என்ற நஞ்சைச் சுரந்து டி.என்.ஏ.யில் தழும்பை விடுகின்றன. 11 நாடுகளின் 981 புற்றுக்கட்டிகளை ஆராய்ந்து 2025இல் வெளியான ஆய்வொன்றில், 40 வயதுக்குள் நோய் கண்டவர்களிடம் அத்தழும்புகள் 70 கடந்தவர்களைவிட 3.3 மடங்கு அதிகம். அவை சிறுபராயத்திலேயே விழுந்திருக்கலாம் என்கிறார்கள். இதுவே காரணம் என்று இன்னும் நிரூபணமாகவில்லை.

நாம் செய்யக்கூடியது என்ன? தவிடு நீக்காத அரிசி, குரக்கன், பருப்பு, கீரை ஆகியவற்றின் நார் நல்ல பற்றீரியாக்களுக்கு உணவு. சொசேஜஸ் போன்ற பதனிட்ட இறைச்சியை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015இல் புற்றுநோய்க் காரணியாக வகைப்படுத்தியது. பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டியில் அதைக் குறைப்போம்.

மலத்தில் இரத்தம் கண்டால் மூலவியாதி என்று நாமே தீர்மானிக்க வேண்டாம். பெற்றோருக்கோ சகோதரருக்கோ இந்நோய் வந்திருந்தால், 40 வயதில், அல்லது அவருக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்து வருடம் முன்னதாக, எது முந்தியதோ அப்போது குடலைக் கமராவால் பரிசோதிக்க வேண்டும். புற்றாக மாறக்கூடிய சிறு கட்டிகளை அப்போதே அகற்றிவிடலாம்.

கலியாணப் பேச்சுக் குழம்பும் என்று அம்மாவின் நோயை மகளுக்கே மறைக்கும் வீடுகள் எங்களிடையே உண்டு. அந்த மௌனம் மகளின் உயிரைக் கேட்கும். அந்தத் தையற்காரப் பெண் சொன்னதால்தான் வைத்திய உலகம் அறிந்தது. நாமும் இன்றிரவே வீட்டில் கேட்போம், சொல்வோம்.