அன்னை தெரசாவின் கடிதங்கள்
(யூபிலி விழாக் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



நீலக்கரைச் சேலை, சுருக்கம் விழுந்த முகம், மாறாத புன்னகை: அன்னை தெரசாவை நாம் அறிந்தது இவ்வளவே. புன்னகைக்குப் பின்னால் இருந்ததை, அவர் மறைந்து பத்தாண்டுக்குப்பின், 2007-ல் நூலாக வெளிவந்த அவருடைய கடிதங்கள் காட்டின.

1946 செப்டம்பர் 10-ல் டார்ஜிலிங் செல்லும் இரயிலில் ஆண்டவரின் அழைப்பைக் கேட்டார். 1948-ல் கல்கத்தாச் சேரிகளில் இறங்கினார். அதன்பின் செபத்தில் இருள்! ஓரிரு நாளல்ல, ஏறக்குறைய ஐம்பது ஆண்டு. ஆண்டவருக்குத் தாம் வேண்டாதவளோ என்றுகூட ஆன்ம குருக்களுக்கு எழுதுகிறார். 1958-ல் பாப்பரசர் 12-ம் பத்திநாதருக்கான இரங்கற் பூசையில் ஓர் அடையாளம் கேட்டார். ஒளி வந்தது. சில வாரங்களே! மீண்டும் இருள்.

விசுவாசம் இழந்தவர் என்று சில பத்திரிகைகள் எழுதின. அவசரப்பட்டு விட்டார்கள். விசுவாசம் இழந்தவர் நாள்தோறும் விடியலில் எழுந்து நற்கருணை முன் முழந்தாளிடுவாரோ? நம்மிடமும் வந்து, "சாமி, செபமாலையைக் கையில் எடுத்தா மனசு நிக்கமாட்டேங்குது" என்று கண்கலங்கும் ஆத்தாமார் உண்டு. அவர்களை எண்ணியே இதைச் சொன்னோம்.

அந்த ஏக்கமே ஆண்டவர் உள்ளிருப்பதன் அடையாளம் என்று 1961-ல் சேசு சபைக் குரு ஜோசப் நோய்னர் அவருக்கு எடுத்துரைத்தார். இருளையும் நேசிக்கத் தொடங்கியதாக அன்னை பதில் எழுதினார்.

கடிதங்களை அழித்துவிடும்படி பேராயர் பெரியேவிடம் கெஞ்சியிருந்தார். அவை அழியவில்லை, புனிதர் பட்ட விசாரணைக்கே அவற்றைத் திரட்டினார்கள்.